தோலில் விழுந்த துளை ஆறாது: ஊசியையும் நூலையும் பொருத்துவது எப்படி

துணியில் தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். நெய்த இழைகள் ஊசிக்கு விலகி வழிவிடும், நீவிவிட்டால் மூடிக்கொள்ளும். தோலில் அது நடக்காது. ஊசி இறங்கிய ஒவ்வோர் இடமும் துளையாகவே நிற்கும். பிரித்துத் தைத்தால் பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுத் துளை விழும். அந்த ஓரம் தபால்தலைத் தாளைப் போலக் கிழியக் காத்திருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைப்பவர்களுக்கும், சென்னை பெரியமேட்டில் தோல் வாங்கிப் பையும் பெல்ட்டும் செய்பவர்களுக்கும் இது தெரிந்ததுதான். ஆனாலும் தையல் சரியில்லை என்றதும் கை முதலில் போவது நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்கு. பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. நூலும் ஊசியும் பொருந்தாதபோது டென்ஷனை எவ்வளவு திருகினாலும் தையல் உட்காராது.

செய்யப்போகும் பொருளை வைத்து நூலை முடிவு செய்ய வேண்டும். நூலை வைத்து ஊசியின் பருமன். தோலையும் தையலின் தோற்றத்தையும் வைத்து ஊசி முனை. கடைசியாக, அந்த ஊசிக்கு ஏற்ப மெஷினை செட் செய்ய வேண்டும். இதைத் தலைகீழாக்கி, மெஷினில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஊசியில் எந்த நூல் நுழைகிறது என்று தொடங்கும் இடத்தில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது.

கோனில் எழுதியிருக்கும் எண்

நூல் பருமனுக்கு மூன்று கணக்குகள் புழங்குகின்றன. டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை, கிராமில். டெக்ஸ் 70 என்றால் ஒரு கிலோமீட்டர் நூல் 70 கிராம். எண் ஏற ஏற நூல் தடிக்கும். டிக்கெட் எண் இதற்கு எதிர்த் திசையில் போகும்: எண் ஏற ஏற நூல் மெலியும். செயற்கை இழை நூலுக்கு 3000-ஐ டெக்ஸால் வகுத்தால் டிக்கெட் எண் தோராயமாக வந்துவிடும். டிக்கெட் 60 என்பது டெக்ஸ் 45 முதல் 50. டிக்கெட் 40 சுமார் டெக்ஸ் 70 முதல் 75. டிக்கெட் 30 சுமார் 90 முதல் 100. டிக்கெட் 20 சுமார் 135 முதல் 150. டிக்கெட் 10 சுமார் 270 முதல் 300. பருத்தி நூலின் டிக்கெட் எண்ணுக்கு இந்த வகுத்தல் பொருந்தாது.

மூன்றாவது அமெரிக்க வழக்கு: 46, 69, 92, 138, 207, 277, 346 என்று போகும். டெனியர் (9000 மீட்டர் நூலின் எடை, கிராமில்) கணக்கிலிருந்து வந்த வரிசை இது. தற்செயலாக டெக்ஸ் எண்ணுக்கு மிக அருகில் நிற்கிறது: 69 என்பது டெக்ஸ் 70, 92 என்பது 90, 138 என்பது 135, 207 என்பது 210, 277 என்பது 270, 346 என்பது 350. வெளிநாட்டு வீடியோக்களில் 138 என்று சொன்னால் டெக்ஸ் 135 என்று எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் வீடியோவில் கேட்ட 69-ஐ மனதில் வைத்துக்கொண்டு கடையில் டிக்கெட் 60 வாங்கினால், வேண்டியதைவிட ஒரு படி மெல்லிய நூல் கைக்கு வரும். கடையில் கேட்கும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நைலானா, பாலியஸ்டரா

தோல் தையலுக்கு வருகிற நூல்களில் பெரும்பகுதி பாண்டட் நைலான் 6.6, அடுத்தது பாண்டட் பாலியஸ்டர். பாண்டட் என்றால் முறுக்கிய இழைகளின்மேல் பிசின் பூசி ஒரே உடலாக ஒட்டியது. தடித்த தோலுக்குள் ஊசிக் கண்ணோடு சேர்ந்து நூல் பலமுறை மேலும் கீழும் உரசிப் போகிறது. பூச்சு இல்லாத நூல் அந்த உரசலில் பிரி பிரியாகப் பிரிந்து, ஊசிக்கு மேலே பஞ்சுபோலச் சுருண்டு நிற்கும், பிறகு அறும்.

நைலான் இழுபடும், உரசலைத் தாங்கும். ஷூ அப்பர், பெல்ட், கைப்பை, கருவிப் பை என்று வளைந்து நெளிந்து அடிபடும் பொருளுக்கு நைலான்தான் என் முதல் தேர்வு. அதன் இரண்டு குறைகளையும் அறிந்து வாங்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானை வேகமாக அரிக்கும். எந்நேரமும் வெளியே நிற்கும் பைக் சீட், ஆட்டோ சீட், திறந்தவெளி நாற்காலி ஆகியவற்றுக்குப் பாலியஸ்டர் மட்டுமே போட வேண்டும். நம் ஊர் வெயிலில் இதற்கு விதிவிலக்கு தேடாதீர்கள். இன்னொன்று, நைலான் இழுபட்டபடியே தையலுக்குள் போய், பிறகு சுருங்கும். 1 மி.மீ.க்குக் குறைவான மென்தோலில் டென்ஷனைக் கூட்டி நைலான் ஓட்டினால் மெஷினில் தட்டையாகத் தெரிந்த தையல் மேஜையில் வைத்த கொஞ்ச நேரத்தில் சுருக்கம் வாங்கும். டென்ஷனைக் குறைக்க வேண்டும், அல்லது பாலியஸ்டருக்கு மாற வேண்டும்.

பருத்தி நூலைத் தாவரப் பதனத் தோலுக்குப் போடக் கூடாது. ஆவாரம் பட்டை, வேலம் பட்டை, வாட்டில் சாறு கொண்டு பதனிட்ட தோலில் மிச்சமிருக்கும் அமிலமும், டானின் என்ற துவர்ப்புப் பொருளும் பருத்தியை நாளாக ஆக மக்க வைக்கும். தையல் பார்வைக்கு நன்றாக இருக்கும், இழுத்தால் உதிரும். அதே தோலுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஈரமாக இருக்கையில் இரும்பு பட்டால் டானினும் இரும்பும் சேர்ந்து நீலக் கறுப்புக் கறை விழும். வளைப்பதற்காக நனைத்த தாவரப் பதனத் தோலை அப்படியே பிரஷர் ஃபுட்டின்கீழ் (தோலை அழுத்திப் பிடிக்கும் பாதம்) நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது ஃபுட்டின் வடிவம் தோலில் பதிந்திருக்கும். அந்தக் கறை லேசில் போகாது.

முறுக்கின் திசையையும் பாருங்கள். மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்ளும் லாக்ஸ்டிட்ச் மெஷினுக்கு வேண்டியது இசட் முறுக்கு. நூலைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் முறுக்குக் கோடுகள் கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கத்துக்கு ஏற வேண்டும். எஸ் முறுக்கு நூலை ஹூக் (அடியில் சுழன்று மேல் நூலைப் பிடிக்கும் கொக்கி) ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடும். கைத்தையலுக்கென்று வரும் மெழுகு நூலையும் மெஷினில் போடாதீர்கள். மெழுகு டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அடைந்து, இழுவை நிமிஷத்துக்கு ஒரு மாதிரி மாறும்.

எவ்வளவு தடித்த நூல்

தடித்த நூல் என்றால் உறுதி என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. நூல் தோலைவிட உறுதியாக இருந்தால், பளு வரும்போது நூல் அறாது, தோல் கிழியும். அறுந்த நூலை மறுபடி தைக்கலாம், கிழிந்த ஓரத்தை என்ன செய்வது? அதனால் நூல் தோலைவிடச் சற்றே பலவீனமாக இருப்பதுதான் நல்லது.

இன்னொரு வரம்பு முடிச்சு. லாக்ஸ்டிட்சில் மேல் நூலும், அடியில் சிறு உருளையில் சுற்றியிருக்கும் பாபின் நூலும் தோலின் நடுக்கனத்தில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன. அந்த இடத்தில் இரண்டு நூல்களின் பருமன் அடுக்காக நிற்கும். டெக்ஸ் 70 நூல் சுமார் 0.3 மி.மீ., டெக்ஸ் 135 சுமார் 0.4 மி.மீ. குறுக்களவு. ஆக டெக்ஸ் 135-இல் முடிச்சுக்கே 0.8 மி.மீ. போகிறது. மொத்தக் கனம் 1.2 மி.மீ. மட்டுமே உள்ள பர்ஸில் இதைப் போட்டால் முடிச்சு ஒளிய இடமில்லை. மேலே புள்ளியாகத் தெரியும், டென்ஷனை மாற்றினால் கீழே புள்ளியாகத் தெரியும். அரை நாள் திருகினாலும் நடுவில் நிற்காது.

நடைமுறையில் இப்படிப் போகும்: பர்ஸ், மெல்லிய லைனிங், மகளிர் ஷூ அப்பர் ஆகியவற்றுக்கு டெக்ஸ் 45 அல்லது 70. ஆண்கள் ஷூ அப்பருக்கு 70, கண்ணில் படும் அலங்காரத் தையலுக்கு 90. மொத்தம் 2 முதல் 4 மி.மீ. வரும் கைப்பைக்கு 90 அல்லது 135. பெல்ட், தடித்த பட்டை, கருவி உறை 4 முதல் 8 மி.மீ. வந்தால் 135 முதல் 210. அதற்கு மேல் சேணம், குதிரைப் பட்டை போன்ற வேலைக்கு 270, 350. நூல் தடிக்கும்போது தையல் நீளமும் கூட வேண்டும். டெக்ஸ் 70-க்கு 2 முதல் 2.5 மி.மீ. அழகாக இருக்கும். 135-ஐ 3 மி.மீ.க்குக் குறைத்து ஓட்டாதீர்கள், 270-க்கு 4 முதல் 5 மி.மீ. கொடுங்கள்.

பாபினில் அதே நூல், அல்லது ஒரு படி மெலிந்தது போடலாம். மேலே 135, கீழே 90 என்பது நல்ல ஜோடி: முடிச்சு சிறுக்கும், பாபினில் நீளமும் கூடும். ஒரே பாபினில் டெக்ஸ் 135 நூல் பிடிக்கும் நீளம் டெக்ஸ் 70 பிடிப்பதில் பாதிதான். நீண்ட பெல்ட்டின் நடுவில் பாபின் தீர்ந்தால் ஒட்டுத்தையல் கண்ணுக்குத் தெரியும். ஆகவே அடுத்த துண்டுக்குப் போதுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஊசி: முதலில் முறை, பிறகு பருமன்

ஊசிப் பெட்டியில் இரண்டு தகவல்கள் உண்டு. ஒன்று ஊசி முறை, அதாவது தண்டின் பருமன், நீளம், கண்ணின் இடம். இது மெஷினைச் சேர்ந்தது, நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. மேஜைபோலத் தட்டையான, சாதாரண பிளாட் பெட் லாக்ஸ்டிட்ச் மெஷினுக்கு 1738, அதன் இன்னொரு பெயர் 16×231. தண்டு சுமார் 1.6 மி.மீ. அப்பர் தைக்கும் போஸ்ட் பெட் மெஷின்கள் (தூண்போல உயர்ந்த தளம் உள்ளவை) பலவற்றுக்கு 134, இன்னொரு பெயர் 135×5; தண்டு 2 மி.மீ. இவை இரண்டும் தண்டின் அடியிலிருந்து கண் வரை ஒரே நீளம், தண்டு மட்டும் வேறு. ஜப்பானியக் குறியில் DB, DP என்ற இரண்டும் வாயால் சொல்லும்போது டிபி என்றே காதில் விழும். அதனால் கடையில் 1738 அல்லது 134 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஜூகி 1541 போன்ற வாக்கிங் ஃபுட் மெஷினுக்கு (பாதமும் நகர்ந்து தோலை முன்னே தள்ளும்) 135×17, இதைவிட நீளமானது. அதே ஊசி தோல் முனையோடு வந்தால் 135×16. கனமான 441 வகை மெஷினுக்கு 794.

அடுத்தது பருமன். ஐரோப்பிய எண் ஊசி உடலின் குறுக்களவை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்லும்: 100 என்றால் 1 மி.மீ., 140 என்றால் 1.4 மி.மீ. பக்கத்தில் இருப்பது சிங்கர் எண்: 90-க்கு 14, 100-க்கு 16, 110-க்கு 18, 125-க்கு 20, 140-க்கு 22, 160-க்கு 23, 180-க்கு 24, 200-க்கு 25, 230-க்கு 26.

டெக்ஸ் 45-க்கு 90 அல்லது 100. டெக்ஸ் 70-க்கு 100 அல்லது 110. டெக்ஸ் 90-க்கு 110 முதல் 125. டெக்ஸ் 135-க்கு 125 முதல் 140, தடித்த இறுகிய தோலென்றால் 160 வரைகூடப் போகலாம். டெக்ஸ் 210-க்கு 160 முதல் 180. 270-க்கு 180 முதல் 200. 350-க்கு 200 முதல் 230. மென்தோலுக்குச் சிறிய எண், விறைத்த தோலுக்குப் பெரிய எண். காரணம் எளிது: விறைத்த தோல் ஊசி வெளியேறியதும் துளையை இறுக்கிப் பிடிக்கும், அந்த இறுக்கத்துக்குள் முடிச்சை மேலிழுக்க இடம் வேண்டும்.

அட்டவணையை நம்புவதற்கு முன் கையிலேயே சோதிக்கலாம். ஊசியைக் கழற்றி, 30 செ.மீ. நூலை அதன் கண்ணில் கோத்து, இரு முனைகளையும் பிடித்து விறைப்பாக இழுங்கள். ஒரு கையை உயர்த்தி 45 டிகிரி சரிவாக்குங்கள். ஊசி தன் எடையால் மெல்ல வழுக்கி இறங்கினால் பொருத்தம் சரி. நின்ற இடத்திலேயே நின்றால் கண் சிறிது. தொங்கலாக விழுந்து ஓடினால் ஊசி பெரிது.

ஊசி சிறிதானால் நூல் கண்ணில் சிராய்த்து அறும், முடிச்சு அடியிலேயே தங்கும். ஊசி பெரிதானால் நூலைச் சுற்றி இருண்ட வளையம் தெரியும், முடிச்சு ஒரு தையலில் மேலே, அடுத்த தையலில் கீழே என்று அலையும். தோலும் வலுவிழக்கும். 2 மி.மீ. தையல் நீளத்தில் 90 ஊசி போட்டால் இரு துளைகளுக்கு நடுவே 1.1 மி.மீ. தோல் மிஞ்சுகிறது. அதே நீளத்தில் 140 ஊசி போட்டால் 0.6 மி.மீ.தான். அந்தத் தோல் எத்தனை நாள் நிற்கும்?

முனையில்தான் தையலின் முகம் இருக்கிறது

இந்தத் தொழிலில் மிகக் குறைவாகப் பேசப்படுவது ஊசி முனை. ஒரே நூல், ஒரே மெஷின், ஒரே தோல். முனையை மட்டும் மாற்றினால் தையல் வேறாகத் தெரியும். உருண்டை முனை தோலை வெட்டாமல் நெருக்கி விலக்கிக்கொண்டு போகிறது. வெட்டு முனை சிறு கத்திபோலக் கீறுகிறது. கீறல் எந்தத் திசையில் விழுகிறதோ, நூல் அந்தக் கீறலுக்குள் படுத்துக்கொள்ளும். தையல் நேராகத் தெரிவதும் சாய்ந்து தெரிவதும் அதனால்தான்.

ஊசி முனைகளுக்கு எழுத்துகளே பெயர். எல்ஆர் (LR) முனை தையல் வரிக்கு 45 டிகிரியில் கீறும். ஒவ்வொரு தையலும் லேசாக இடப்பக்கம் சாய்ந்து, கையால் தைத்ததுபோன்ற வரிசை கிடைக்கும். ஷூ அப்பரிலும் பையிலும் அதிகம் புழங்குவது இதுதான். எதைப் போடுவது என்று தெரியாத நிலையில் எல்ஆர் முனையில் தொடங்கலாம். எல்எல் முனை எதிர்த் திசையில் கீறும், அதனால் சாய்வு அடங்கித் தையல் கிட்டத்தட்ட நேராக விழும்.

எஸ் முனை தையல் வரியின் போக்கிலேயே கீறும். நூல் நேராக, ஆழமாக உட்கார்ந்து, நீண்ட தையலில் மிக அழகாகத் தெரியும். ஆனால் கீறல்கள் ஒரே வரியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் தையலைக் குறுக்கினால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, தோல் வரிசையாக அறுந்துவிடும். 3 மி.மீ.க்குக் குறைவாக எஸ் முனை ஓட்டவே கூடாது என்பது என் கருத்து. பி (P) முனை இதற்கு நேர்மாறு: வரிக்குக் குறுக்காகக் கீறும். துளைகளுக்கு நடுவே தோல் அதிகம் மிஞ்சுவதால் குட்டைத் தையலையும் நெருக்கமாக வைக்கலாம். தையல் நன்றாகச் சாயும், ஒவ்வொன்றும் தனித்தனியே மணிபோலத் தெரியும்.

டி (D) முனை முக்கோணம், சில பெட்டிகளில் டிஆர்ஐ (TRI) என்று இருக்கும். மூன்று பக்கமும் வெட்டும். விறைத்த தாவரப் பதனத் தோல், பல அடுக்கு, அட்டை சேர்ந்த பெல்ட் ஆகியவற்றில் ஊசி வளையாமல் நேராக இறங்க இது உதவும். தையல் நேராக விழும், துளை மட்டும் பெரிதாகத் தெரியும். டிஎச் என்பது இதன் மென்மையான தம்பி, நுனியில் மட்டும் முக்கோணம்.

எல்லாத் தோலுக்கும் வெட்டு முனைதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோலோடு நைலான் பட்டை, கேன்வாஸ், துணி லைனிங் சேரும் இடத்தில் வெட்டு முனை துணி இழைகளைக் கத்தரித்துவிடும். தோல் பக்கம் தையல் ஜம்மென்று இருக்கும், உள்ளே லைனிங் வரியோடு நைந்திருக்கும். அங்கே ஆர் என்ற உருண்டை முனையோ, உருண்டையின் நுனியில் சிறு முக்கோணம் வைத்த எஸ்டி1 முனையோ போட வேண்டும். கையுறைக்கான மெல்லிய ஆட்டுத்தோலிலும் மெல்லிய உருண்டை முனை நன்றாக ஓடும். இழைகள் அறாததால் வலுவும் நிற்கும். தோல் தடித்திருந்தால் மட்டும் உருண்டை முனைக்கு உரசலும் சூடும் கூடும்.

ஊசியை மாற்றினால் மெஷினையும் பாருங்கள்

தொழிற்சாலை ஊசித் தண்டு முழு உருண்டை. வீட்டு மெஷின் ஊசியைப் போல ஒரு பக்கம் தட்டையாக இருக்காது. அதனால் எப்படி வேண்டுமானாலும் மாட்டிவிட முடிகிறது, தவறும் அங்கேதான் வருகிறது. நீளப் பள்ளம் நூல் நுழையும் பக்கம் இருக்க வேண்டும், கண்ணுக்கு மேலுள்ள குடைவு ஹூக் பக்கம். கண்ணுக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகிப் பார்த்தால் ஊசி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். வெட்டு முனைக்கு இது இரட்டிப்பு முக்கியம்: ஊசி 10 டிகிரி திரும்பினால் கீறலும் 10 டிகிரி திரும்பும். ஒரு மெஷினில் தைத்த அப்பரும் அடுத்த மெஷினில் தைத்ததும் ஜோடி சேராமல் போவதற்கு இதுவே போதும்.

அடுத்தது ஹூக்கின் இடைவெளி. ஹூக் நுனி ஊசிக் குடைவை உரசாமல், 0.05 முதல் 0.1 மி.மீ. தள்ளிப் போக வேண்டும். ஊசியை 100-இலிருந்து 140-க்கு மாற்றினால் ஊசியின் ஆரம் 0.2 மி.மீ. கூடுகிறது. அந்த இடைவெளிக்குள் இது எப்படி அடங்கும்? ஹூக் ஊசியை இடிக்கும், நுனி மழுங்கும், ஊசி வளைந்து, கீழேயுள்ள ஊசிப் பிளேட்டைக் குத்தி உடையும். எதிர்த் திசையில் 140-க்கு செட் செய்த மெஷினில் 100 போட்டால் இடைவெளி அகன்று, ஹூக்குக்கு நூல் வளையம் எட்டாமல் தையல் விடும். இரண்டு படிக்கு மேல் ஊசி மாறினால் ஹூக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஊசிப் பிளேட்டின் துளையும் ஊசிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் ஊசி மென்தோலையும் அதற்குள் அமுக்கிக்கொண்டு போகும்.

மெஷினின் வரம்பையும் மதிக்க வேண்டும். ஆடைக்கான சாதாரண பிளாட் பெட் மெஷின் டெக்ஸ் 70, ஊசி 110 வரை தாங்கும். அதில் 135 நூலைக் கட்டாயப்படுத்தி ஓட்டலாம், சில மீட்டர் ஓடவும் செய்யும். ஆனால் பாபின் கேஸுக்கும் ஹூக்குக்கும் நடுவே அந்த நூல் நழுவிப் போக இடம் போதாது. ஒவ்வொரு தையலிலும் இடறும். வாக்கிங் ஃபுட் மெஷினுக்கு 135 சுகமான எல்லை. 210-க்கு மேலென்றால் 441 வகை தேடுங்கள்.

தையல் விட்டால், நூல் அறுந்தால்

தையல் விடுவதற்கு அதிகம் காரணமாவது தோல் எழும்புவது. கீழே போன ஊசி மேலே திரும்பத் தொடங்கும் முதல் 2 மி.மீ.யில், நூல் தோலில் உரசி நின்று வளையமாக உப்ப வேண்டும். அந்த வளையத்தைத்தான் ஹூக் பிடிக்கிறது. ஊசியோடு தோலும் சேர்ந்து எழும்பினால் வளையம் உருவாகாது. பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டுங்கள். பிறகு முனை மழுங்கியிருக்கிறதா பாருங்கள்: ஊசி நுனியை நகத்தில் லேசாக இழுக்கும்போது கீறினால் கொக்கி விழுந்துவிட்டது. தோலைக் குத்தும்போது வழக்கமான மெல்லிய சத்தம் போய் டப் டப் என்று கேட்டாலும் அதே பொருள். முழு நேரம் ஓடும் மெஷினில் ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒரு ஊசி என்பது நியாயமான கணக்கு. ஊசியின் விலைக்கும் கெட்டுப்போகும் ஒரு துண்டு தோலின் விலைக்கும் ஒப்பீடே இல்லை.

நூல் அறுந்தால் அறுந்த முனையைப் பாருங்கள். பிரி பிரியாகப் பஞ்சடித்திருந்தால் சிராய்ப்பு: கண் சிறிது, அல்லது ஊசிக் கண்ணிலோ ஹூக்கிலோ பிளேட்டிலோ பிசிறு இருக்கிறது. சுத்தமாக வெட்டியதுபோல் இருந்தால் கூர்மையான விளிம்பு எங்கோ நூலைக் கத்தரிக்கிறது. உருகி உருண்டை கட்டியிருந்தால் சூடு. நைலான் 6.6, பாலியஸ்டர் இரண்டும் 255 முதல் 260 டிகிரியில் உருகும், அதற்கு முன்பே இளகி வலுவிழக்கும். தோல் சூட்டைக் கடத்தாது, அதனால் வேகமாக ஓடும் ஊசியின் சூடு போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். தைத்துக்கொண்டிருக்கும்போது அறாமல், மெஷினை நிறுத்தியதும் அறுகிறதென்றால் சந்தேகமே வேண்டாம்: நின்ற ஊசியின் கண்ணுக்குள் இருந்த நூல் உருகியிருக்கிறது. வேகத்தைக் குறையுங்கள். நூல் போகும் வழியில் சிலிக்கான் எண்ணெய்க் கிண்ணம் வையுங்கள். ஊசிக்குக் காற்று அடிக்கும் குழாய் வைத்தால் இன்னும் நல்லது. தங்க நிறத்தில் வரும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு ஊசிகள் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். சூட்டுக்கு அவை மட்டுமே மருந்து என்று நம்பிவிடாதீர்கள்.

சூட்டோடு சேர்ந்து தொல்லை தருவது சொல்யூஷன், அதாவது ஒட்டும் பசை. மடித்து ஒட்டிய ஓரத்தில் பசை காயாமல் தைத்தால், சூடான ஊசியில் பசை ஒட்டி, கண்ணையும் பள்ளத்தையும் அடைத்துவிடும். நூல் ஓடாது, தையல் விடும். ஊசியைத் துடைத்தால் பத்து நிமிஷம் ஓடும், பிறகு அதே கதை. பசை காயும் வரை பொறுப்பதைவிட நல்ல வழி இல்லை. தையல் விழும் வரியில் பசை தடவாமல் ஓரத்திலேயே நிறுத்த முடிந்தால் அதையும் செய்யலாம்.

புதுத் தோல், புது நூல் எது வந்தாலும், பொருளில் எத்தனை அடுக்கோ அத்தனை அடுக்கையும், பசை, லைனிங் உட்பட, துண்டுத் தோலில் ஒட்டி 30 செ.மீ. தைத்துப் பாருங்கள். பிறகு தையல் வரிமீதே பிளேடால் குறுக்கே வெட்டி, முடிச்சு எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இரு பக்கமும் பிடித்து இழுங்கள்: நூல் அறுகிறதா, தோல் கிழிகிறதா? சரியாக வந்த துண்டின் பின்பக்கம் ஊசி முறை, பருமன், முனை, மேல் நூல், கீழ் நூல், தையல் நீளம் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி மாட்டி வையுங்கள்.

எவ்வளவு வாங்குவது

மேல் நூல் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தையல் நீளமும் தோலின் கனமும் சேர்ந்த அளவு செலவாகும்; கீழ் நூலும் அதே அளவு என்று வைத்துக்கொள்ளலாம். 3 மி.மீ. தையல், 3 மி.மீ. கனம் என்றால் ஒரு தையலுக்கு மொத்தம் 12 மி.மீ. நூல், அதாவது தைக்கும் நீளத்தைப்போல் 4 மடங்கு. ஒரு பையில் 6 மீட்டர் தையல் இருந்தால் 24 மீட்டர். தொடக்க முடிவு வெட்டு, பாபின் மிச்சம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் கூட்டினால் சுமார் 28 மீட்டர். நூறு பைக்கு 2800 மீட்டர். டெக்ஸ் 135-இல் அது 380 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அடுக்குகள் சேரும் மூலைகளில் கனம் கூடும், அதையும் மனதில் வைத்துக் கொஞ்சம் கூடவே வாங்குங்கள்.

முழு ஆர்டருக்கும் வேண்டிய நூலை ஒரே சாய லாட்டில் எடுங்கள். லாட் மாறினால் கறுப்பிலேயே இரண்டு கறுப்பு வரும், கடைக்குள் தெரியாத வித்தியாசம் வெயிலில் தெரியும். கோனை ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஸ்டாண்டில் நூல் எடுக்கும் வளையம் கோனுக்கு நேர் மேலே, கோனின் உயரத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு உயரத்தில் இருக்கட்டும். பாண்டட் நைலானுக்கு விறைப்பு அதிகம்; வளையம் பக்கவாட்டில் விலகியிருந்தால் நூல் கோனிலிருந்து சுருள் சுருளாகத் துள்ளி அடியில் சிக்கிக்கொள்ளும். அந்த இழுப்பில் தையல் சட்டென்று இறுகும், பிறகு தளரும். டென்ஷன் திருகைத் தொடுவதற்கு முன் கோனை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.